வெயிலுக்குப் பங்காளிகள்

கூரைமேல் சூரியத் தகடு போட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் பேட்டரிக்கு வந்துவிடுவார்கள். எத்தனை யூனிட் பிடிக்கும், எத்தனை ஆண்டு உத்தரவாதம், லித்தியத்தில் எந்த வகை என்று பேச்சு நீளும். அண்டை வீடுகள் சேர்ந்து சூரிய ஆற்றலைப் பகிர்ந்துகொள்வது பற்றிக் கேட்டாலும் அதே கதைதான். தெருமுனையில் ஒரு பெரிய பேட்டரிப் பெட்டி நிற்கும், அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் மின்சாரம் போகும் என்பார்கள். சில ஆண்டுகளாக இந்த விஷயத்தை விடாமல் படித்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. சேர்ந்துதான் சேமிக்க முடியும் என்று அடம்பிடிக்கிற பொருள் வெப்பம். மின்சாரத்தைத் தனி வீடும் சேமிக்கலாம், சேர்ந்தும் சேமிக்கலாம், வசதிதான் வேறுபடும். கோடையின் வெப்பத்தைக் குளிர்காலம் வரை வைத்துக்கொள்வது தனி வீட்டுக்கு ஏறத்தாழ நடக்காத காரியம். ஐம்பது வீடுகள் கைகோத்தால் நடக்கிறது, நடத்தியும் காட்டியிருக்கிறார்கள்.

மின்சாரத்தை முதலில் பார்த்துவிடலாம். நண்பகலில் உங்கள் கூரை 4 கிலோவாட் தருகிறது. வீட்டில் ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடுகின்றன. மிச்சம் எங்கே போகிறது? மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகிறது. அருகில் எங்கே தேவை இருக்கிறதோ அங்கே செலவாகிறது. அந்த நேரத்தில் அடுத்த வீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால், பெரும்பாலும் அது உங்கள் கூரை வெயிலில்தான் ஓடுகிறது. இதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். மின்சாரம் தன்பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே மின்கட்டமைப்பு இருக்கும் இடத்தில் நாம் பகிர்வு என்று சொல்வதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் நடக்கிற காரியம்.

2016-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரே தெருவில் வசிப்பவர்கள் தங்களுக்குள் சூரிய மின்சாரத்தை வாங்கி விற்றார்கள். யாரும் தனியாகத் திருத்த முடியாத கூட்டு மின்னணுக் கணக்கான பிளாக்செயின் பதிவேட்டில் அது ஏறியது என்று உலகெங்கும் செய்தி வந்தது. அந்த மின்சாரம் அன்றைக்கும் மின்நிறுவனத்தின் பழைய கம்பியில், பழைய வழியில்தான் போயிருக்கும். புதியது, அதை எழுதிவைத்த முறை மட்டுமே. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. உபரியை விற்கும்போது கிடைக்கும் விலைக்கும், அதே மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும்போது கொடுக்கும் விலைக்கும் நடுவில் பல இடங்களில் பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி யாருக்கு என்பதுதான் முழு வழக்கு. கம்பியைப் பராமரிப்பவருக்கும் அதில் நியாயமான பங்கு உண்டு என்பதைப் பகிர்வு ஆர்வலர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். சூரியன் மறைந்த பிறகு எல்லோரும் அந்தக் கம்பியையே நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வழக்கைச் சட்டத்தால் தீர்க்க ஸ்பெயின் ஒரு வழி கண்டது. 2019-இல் வந்த அரசாணை ஒன்று, ஒரே கூரையின் மின்சாரத்தை 500 மீட்டர் வட்டாரத்திலுள்ள பல வீடுகள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. பின்னர் கூரைத் தகடுகளுக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டராக நீண்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு எண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு சுலபம்!

எங்கள் குடியிருப்பின் பொதுக் கூரையில் தகடு போடலாமா என்று கூடிப் பேசியபோதுதான் அந்த எண்ணுக்குள் எத்தனை சண்டை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் சமபங்கு என்றார் ஒருவர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் ஆளே இல்லை. அவர்களுடைய பங்கு அடிமாட்டு விலைக்குக் கட்டமைப்புக்குப் போகும், அதே நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் முழு விலை கொடுத்து வாங்குவார். அப்படியானால் அந்தந்த மணி நேரத்தில் யார் எவ்வளவு செலவழிக்கிறாரோ அந்த விகிதத்தில் பிரிக்கலாம் என்றார் இன்னொருவர். உடனே மூன்றாம் மாடி அம்மா எழுந்தார். தனியாக இருப்பவர், ஒரு விளக்கு கூட வீணாக எரியவிடாதவர். "நான் சிக்கனமாக இருக்கிறேன் என்பதற்காக என் பங்கு குறையுமா? ஏசியை நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறவருக்குத்தான் வெயில் சொந்தமா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. முதல் முறை நியாயமானது, ஆனால் வீணடிக்கிறது. இரண்டாவது வீணடிப்பதில்லை, ஆனால் அதிகம் செலவழிப்பவருக்குப் பரிசு கொடுக்கிறது. இடைவழி ஒன்று உண்டு: முதலில் சமமாகப் பிரித்து, ஒருவர் பயன்படுத்தாத மிச்சத்தை மட்டும் தேவைப்படுகிறவருக்கு நடுத்தர விலையில் கொடுப்பது. அதைச் சொன்னதும், அந்த நடுத்தர விலை எவ்வளவு என்று அடுத்த விவாதம் தொடங்கியது.

கம்பியே இல்லாத இடத்தில் நிலைமை வேறு. வங்காளதேசத்தின் கிராமங்களில் லட்சக்கணக்கான வீடுகள் தனித்தனியாகச் சிறு சூரியத் தகடும் ஈய-அமில பேட்டரியும் வைத்திருந்தன. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் பல வீடுகளில் பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும். அதற்குமேல் விழும் வெயில் வீண். பக்கத்து வீட்டில் தகடு வாங்க வசதியில்லாதவர் இருட்டில் இருப்பார். 2015 வாக்கில் சோல்ஷேர் என்ற நிறுவனம் இந்த வீடுகளை நேர்மின்னோட்டக் கம்பியால் இணைத்து, ஒவ்வொரு வீட்டிலும் வாங்கவும் விற்கவும் அளக்கிற ஒரு பெட்டியை வைத்தது. பகிர்வு என்ற பெயருக்கு முழுத் தகுதி இதற்குத்தான் என்பேன். அங்கே கம்பி வந்த பிறகுதான் வீணாகிக்கொண்டிருந்த ஆற்றல் இன்னொருவருக்குக் கிடைத்தது. தேசிய மின்கட்டமைப்பு அதே கிராமத்தை எட்டிவிட்டால் இந்தக் குட்டி வலைப்பின்னல் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

கூட்டு பேட்டரிக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும் மின்அடுப்பும் ஒன்றாக ஓடும் நிமிடத்தில் தேவை 7, 8 கிலோவாட்டைத் தொடும். மற்ற நேரமெல்லாம் அரை கிலோவாட்டுக்குள் கிடக்கும். நூறு வீடுகளும் ஒரே நிமிடத்தில் இஸ்திரி போடுவதில்லை. ஆகவே நூறு வீடுகளின் கூட்டு உச்சம், தனித்தனி உச்சங்களைக் கூட்டினால் வரும் எண்ணில் ஒரு சிறு பங்குதான். மின்மாற்றியின் அளவையே இந்தக் கணக்கை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். சேர்ந்து வாங்கினால் சிறிய பேட்டரி போதும். லாபம் உண்மை, ஆனால் அது மிச்சப்படுத்துகிற லாபம். இல்லாத ஒன்றை உண்டாக்குகிற லாபம் வெப்பத்தில்தான் இருக்கிறது.

நீரின் கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் நீரை 60 டிகிரி சூடேற்றினால் சுமார் 70 கிலோவாட் மணி வெப்பம் அதில் அடங்கும். சுவரில் மாட்டும் வீட்டு பேட்டரிகள் பொதுவாக 10, 15 கிலோவாட் மணிதான் பிடிக்கும். வெப்பமும் மின்சாரமும் சமமல்ல, வெந்நீரால் விளக்கு எரியாது என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்து வீடுகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அறையைச் சூடாக்கவும் வெந்நீர் போடவுமே போகிறது. அந்த வேலைக்கு வெந்நீர் போதும். தண்ணீரும் தொட்டியும் பேட்டரியோடு ஒப்பிட்டால் மலிவு. எத்தனை முறை சூடாக்கி ஆற்றினாலும் தண்ணீர் தேய்ந்துபோவதுமில்லை.

பிரச்சினை, வெப்பம் கசிவது. கசிவு நடப்பது மேற்பரப்பு வழியாக; சேமிப்பு இருப்பதோ கொள்ளளவில். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், கொள்ளளவு எட்டு மடங்காகும். குவளை வெந்நீர் ஆறிப்போன பிறகும் அண்டா வெந்நீர் கை வைக்க முடியாமல் இருப்பது இதனால்தான். இதை எண்ணாக்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் உள்ள கனசதுரத் தொட்டி, சுற்றிலும் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு, வெப்பக் கசிவைத் தடுக்கும் நல்ல காப்பு. சுமார் 40 நாளில் அதன் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். அதே காப்பு, பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள தொட்டி என்றால், அதே பங்கை இழக்க 400 நாள் பிடிக்கும். காப்புப் பொருள் மாறவில்லை, தொழில்நுட்பம் மாறவில்லை. பெரிதாக இருப்பது ஒன்றே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டவைக்கிறது. பத்து மீட்டர் தொட்டியை ஒரு வீடு கட்டினால், தொட்டிக்குள்தான் வீடு இருக்க வேண்டியிருக்கும்.

இதை மெய்யாகச் செய்துபார்த்த இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஒகோடோக்ஸ் ஊரின் டிரேக் லேண்டிங். 52 வீடுகள். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் முப்பதுக்கும் கீழே இறங்கும் ஊர். வீடுகளின் பின்னாலுள்ள கார் நிறுத்தும் கொட்டகைகளின் கூரைமேல் ஏறத்தாழ 800 சூரிய வெப்பத் தகடுகள். இவை மின்சாரம் தருபவை அல்ல. உள்ளே ஓடும் திரவத்தைச் சூடாக்குபவை. அந்த வெப்பம் முதலில் பெரிய நீர்த்தொட்டிகளுக்கு வருகிறது. அங்கிருந்து பூமிக்குள் போகிறது: சுமார் 35 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய 144 துளைகள், ஒவ்வொன்றிலும் வளைந்து திரும்பும் ஒரு குழாய். கோடை முழுக்க வெந்நீரை நடுத் துளைகளில் விட்டு வெளிவட்டம் நோக்கி ஓட்டுவார்கள். நடுப்பகுதி மண் கோடை முடிவில் 80 டிகிரியை நெருங்கும். குளிர்காலத்தில் ஓட்டத்தைத் திருப்பிவிடுவார்கள். வெளியிலிருந்து நடுவுக்கு வரும் நீர் படிப்படியாகச் சூடேறி வீடுகளுக்குப் போகும். மேலே காப்புப் போட்டு மூடிவிட்டதால் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புல்வெளி.

2007-இல் தொடங்கிய அந்த அமைப்பு முதல் ஆண்டிலேயே சாதனை படைக்கவில்லை. மண்ணைச் சூடேற்றவே ஆண்டுகள் பிடித்தன. இட்ட வெப்பத்தில் சுமார் பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் ஐந்தாம் ஆண்டில் அறைகளைச் சூடாக்கும் தேவையில் 97 சதவீதத்தை வெயில் கொடுத்தது. 2015-16 குளிர்காலத்தில் நூறு சதவீதமும். பாதி வெப்பம் தரையில் தொலைந்தும் இது நடந்தது என்பதை நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கோடை வெயில் அவ்வளவு தாராளம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குளியலறை வெந்நீருக்கு அந்த வீடுகள் பொது அமைப்பை நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் அதற்கென்று தனியாக இரண்டு தகடுகள் இருந்தன. ஒரு நாள் இரண்டு நாள் சேமிப்புக்குச் சிறிய தொட்டி போதும். அது தனி வீட்டுக்கு எட்டும். ஆறு மாதச் சேமிப்புக்குப் பெரியது வேண்டும். அது கூட்டத்துக்குத்தான் எட்டும். எதைப் பகிர வேண்டும், எதைப் பகிர வேண்டாம் என்று வடிவமைத்தவர்கள் சரியாகவே பிரித்திருக்கிறார்கள்.

அந்த அமைப்பு இப்போது இல்லை. 2024-இல் அதைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். பாகங்கள் மூப்படைந்து பழுதாயின, மாற்றுப் பாகம் கிடைப்பது கடினமாயிற்று, செலவு கட்டுப்படியாகவில்லை. 52 வீடுகளுக்கும் இயற்கை எரிவாயுச் சூடேற்றிகள் வந்தன. இதைப் படித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைப்பானேன். தோற்றது இயற்பியல் இல்லை. தனி ஒன்றாகவே கட்டப்பட்டதுதான் அதன் கேடு. ஆயிரம் இடங்களில் ஓடும் பம்புக்கு உதிரிபாகம் கிடைக்கும்; ஒரே இடத்தில் ஓடும் அமைப்புக்கு, அதை வடிவமைத்தவர்கள் ஓய்வு பெற்றதும் ஆள் கிடைப்பதில்லை. பிறகு, 52 என்பது சின்ன எண். பழுதுச் செலவை 52-ஆல் வகுத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வலிக்கிறது.

டென்மார்க் அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தது. ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டல் என்ற சிற்றூரில் 33,000 சதுர மீட்டர் வெப்பத் தகடுகளும் 75,000 கன மீட்டர் நீர் கொள்ளும் குழியும் உள்ளன. டிரோனிங்லுண்டில் 60,000 கன மீட்டர். வோயன்ஸில் 2 லட்சம் கன மீட்டர். குழி என்றால் குழியேதான்: மண்ணைத் தோண்டிக் கரை கட்டி, பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, நீர் நிரப்பி, மேலே மிதக்கும் காப்பு மூடி. இவ்வளவு பெரிய அளவுக்குக் கான்கிரீட் தொட்டி கட்டுவதைவிட இது மலிவு. அங்கே இது நிலைத்ததற்கு வெயில் காரணம் இல்லை. வடகடல் ஓரத்து வெயிலைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே பொதுக் குழாயில் வரும் வெந்நீரால் சூடாகின்றன. அந்தக் குழாய் நிறுவனங்களில் பல, பயன்படுத்துவோரே உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுகள். வெப்பத்தை விற்று லாபம் பார்க்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கும் விதி. குழாயும் கணக்கும் நம்பிக்கையும் முன்பே இருந்தன. வெயில் கடைசியாக வந்து சேர்ந்துகொண்டது. அங்கும் மூப்பு உண்டு. நீராவி மூடியின் காப்புக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிட்டது. மார்ஸ்டலிலும் டிரோனிங்லுண்டிலும் மூடியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் மாற்றினார்கள்.

பின்லாந்தின் மணல் பேட்டரி பற்றி அண்மையில் நிறையக் கட்டுரைகள் வந்தன. கங்கான்பா ஊரில் 2022-இல் தொடங்கியதில் சுமார் 100 டன் மணல் இருக்கிறது. மின்சாரத்தால் 500, 600 டிகிரி வரை சூடாக்கி 8 மெகாவாட் மணி வெப்பம் வைக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் பருவம் தாண்டிச் சேமிக்க அது போதாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மின்விலை ஏறி இறங்குவதைச் சமாளிக்கவே பொருத்தம். மணல் என்ற பெயரில் ஒரு கவர்ச்சி இருப்பதால் தண்ணீர்க் குழி செய்தியாவதில்லை என்று சந்தேகப்படுகிறேன்.

இன்று புதிதாகத் தொடங்குபவர் வெப்பத் தகடு போடுவாரா என்பது தனிக் கேள்வி. நல்ல வெப்பத் தகடு வெயிலில் பாதியையோ சற்று அதிகமாகவோ வெப்பமாக்கும். மின்தகடு ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்கும். ஆனால் அந்த மின்சாரத்தை வெப்பப் பம்பில் விட்டால், அது காற்றிலோ நீரிலோ தரையிலோ ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தருவதால், ஒன்றுக்கு மூன்றாக வெப்பம் கிடைக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. மின்தகட்டில் குழாய் இல்லை, உறைபனியில் வெடிக்காது, உபரி மின்சாரம் விளக்குக்கும் ஆகும். கூரையில் மின்தகடு, தரைக்குள் வெப்பச் சேமிப்பு என்பதுதான் இப்போது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

வெப்பப் பம்பு வந்ததும் பகிர்வின் முகமே மாறுகிறது. நெதர்லாந்தின் ஹேர்லன் நகரில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் தேங்கிய நீரை 2008 முதல் கட்டடங்களுக்கான வெப்ப மூலமாகப் பயன்படுத்துகிறார்கள். இளஞ்சூடான நீர் தெருக் குழாயில் ஓடுகிறது. அதிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிற கட்டடமும் உண்டு, அதில் வெப்பத்தைக் கொட்டுகிற கட்டடமும் உண்டு. குளிரூட்டி வெளியே துப்பும் சூட்டை இன்னொருவர் வெந்நீராக வாங்கிக்கொள்கிறார். ஒருவருடைய கழிவு மற்றவருக்குச் சரக்கு. நீர் வெறும் இளஞ்சூடு என்பதால் குழாய் வழியில் இழப்பும் குறைவு.

குளிர்காலமே இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், அவர்கள் குளிரைச் சேமிக்கலாம். ஒரு டன் பனிக்கட்டி உருகும்போது 93 கிலோவாட் மணி வெப்பத்தை உறிஞ்சும். நண்பகல் உபரி மின்சாரத்தில் பனிக்கட்டி செய்துவைத்து, வெயில் போன பிறகு அதை வைத்து அறைகளைக் குளிர்விப்பது அலுவலகக் கட்டடங்களில் பழகிய உத்திதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆளுக்கொரு ஏசி என்றாகிவிட்டதால், குளிர்நீரைக் கொண்டுபோகும் பொதுக் குழாய்க்கு இடமில்லை. கட்டும்போதே போட்டால்தான் உண்டு. கட்டுபவர் மின்கட்டணம் கட்டப்போவதில்லையே, அவருக்கு என்ன கவலை.

எங்கள் குடியிருப்பில் பங்கு எண் பற்றிய வாக்குவாதத்தை அப்படியே தள்ளிவைத்துவிட்டோம். கூரைத் தகட்டின் மின்சாரம் இப்போதைக்குப் பொது மீட்டருக்கு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது: லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள். எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்து கட்டும் கட்டணம் அது. யார் வீட்டில் எவ்வளவு என்று பிரிக்க வேண்டியதில்லை. மோட்டாரை விடியற்காலையில் ஓட்டாமல் பதினொரு மணிக்கு மேல் ஓட்டினால் மேல்நிலைத் தொட்டியே ஒரு சேமிப்பாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறேன். மாதப் பராமரிப்புத் தொகையில் ஒரு சிறு பகுதியை, தகட்டின் மின்சாரத்தைப் பயன்படுத்தத் தக்கதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பழுதானால் மாற்றுவதற்கென்று தனியே ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. டிரேக் லேண்டிங் கதையை நான் அங்கே சற்று மிகையான உணர்ச்சியோடு சொன்னேன் என்று பிறகு மனைவி சொன்னாள். வெந்நீருக்குப் பொதுத் தொட்டி வைக்கும் யோசனைதான் நிற்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரு நாளைக்குப் போதுமான அளவு மூன்று கன மீட்டர். மேல்மாடிக்காரர் தன் தலைக்கு மேலே மூன்று டன் தண்ணீர் உட்காருமே, தளம் தாங்குமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக இருக்கிறார்.